உயிருள்ள பொருளையும் உயிரற்ற பொருளையும் பிரிப்பது எது?

மரிட்ஸ்பர்க் தந்தை எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். என் மகள் பத்தாம் வகுப்பில் உயிர் அறிவியல் படிக்கிறாள். உயிருள்ளவற்றுக்கு அசைவு, சுவாசம், உணர்வு, வளர்ச்சி, இனப்பெருக்கம், கழிவு நீக்கம், உணவு என்று ஏழு அடையாளங்கள் உண்டு எனப் படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிராக ஏதாவது ஒரு பொருளைக் காட்டி என்னிடம் விளக்கம் கேட்கிறாள். அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்தில் வைக்கப்படும் தீ அசைகிறது, தோகையை உண்கிறது, ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, சாம்பலைக் கழிக்கிறது, ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் பரவிப் பெருகவும் செய்கிறது. ஆனாலும் அதை உயிருள்ளது என்று எவரும் சொல்வதில்லை. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. அதை உயிரற்றது என்றும் எவரும் சொல்வதில்லை.

மூலப்பொருள்களைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன், 18 விழுக்காடு கார்பன், 10 விழுக்காடு ஹைட்ரஜன், 3 விழுக்காடு நைட்ரஜன். எஞ்சியவை சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், உப்புகள், நான்கு கிராம் அளவுக்கு இரும்பு. இவை எல்லாமே காற்றிலும் கடலிலும் பாறையிலும் இருக்கின்றன. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன். அவளுடன் சேர்ந்து நானும் படித்துக்கொள்வேன்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

உங்கள் மகளின் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. ஏழு அடையாளங்களும் ஓர் உயிரைக் கண்டால் இனம் காண உதவும். ஒரு பொருள் எதனால் உயிருள்ளதாகிறது என்பதை அவை சொல்வதில்லை.

உயிருள்ளவற்றில் காணப்படும் சேர்மங்கள் உண்டாக ஒரு தனி விசை வேண்டும் என்று வேதியியலாளர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். சிறுநீரில் இருக்கும் யூரியாவை 1828-இல் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து ஆய்வகத்திலேயே பெற்ற பிறகு அந்த நம்பிக்கை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரருகே விழுந்த விண்கல்லில் பலவகை அமினோ அமிலங்கள் இருந்தன. அவற்றை ஆக்கியது எந்த உயிரும் அன்று. ஆகவே பொருள்களின் பட்டியலில் எல்லைக்கோட்டைத் தேடுவதில் பயனில்லை.

அந்தப் பொருள்கள் உடலுக்குள் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியத் தொடங்கும். 1930-களில் ரூடால்ஃப் ஷோன்ஹைமர், கனமான நைட்ரஜன் ஐசோடோப்பால் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுவகையால்) அடையாளமிட்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவோடு கொடுத்துப் பார்த்தார். வளர்ச்சி முடிந்த எலியின் உடல் எரிபொருளுக்காக மட்டுமே உணவைப் பயன்படுத்தும் என்பது அன்றைய எண்ணம். ஆனால் அடையாளமிட்ட நைட்ரஜனில் பெரும்பங்கு சில நாள்களுக்குள் எலியின் உடற்புரதங்களுக்குள் சென்று சேர்ந்திருந்தது. எலியின் எடையோ கூடவில்லை. அதாவது, அசையாமல் நிற்பதாகத் தோன்றும் உடலில் பழைய புரதம் ஓயாமல் கலைந்துகொண்டும் புதிய புரதம் அதே இடத்தில் அமைந்துகொண்டும் இருக்கிறது. நம் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள்களே நீடிக்கிறது. உயிரணுக்களுக்குள் ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் ஏ.டி.பி. என்ற சேர்மம் எந்த நேரத்திலும் உடலில் மிகக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அது உருவாகி முறிந்து மீண்டும் உருவாகும் அளவை ஒரு நாளைக்குக் கூட்டிப் பார்த்தால், அது நம் உடல் எடைக்கு நிகராக வரும்.

ஒரு கணக்கையும் மகளிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியன் வெளியிடும் மொத்த ஆற்றலை அதன் நிறையால் வகுத்தால், ஒரு கிலோகிராமுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.0002 வாட் மட்டுமே. ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் உடல் ஒரு கிலோகிராமுக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல் வெளியிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால், நம் உடல் சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக ஆற்றலைச் செலவிடுகிறது. அவ்வளவும் உருக்குலைந்துபோகாமல் இருப்பதற்காகச் செலவாகிறது என்பதை நான் இன்றும் வியப்போடுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆலைக்கூடம் எழுதியது:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரையில் ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். வளர்ச்சி பற்றிச் சொல்ல என்னிடம் சிறிது உண்டு.

காற்றழுத்தம் குறைக்கப்பட்ட பெரிய கொதிகலத்தில் பாகைக் கெட்டியாக்கி, கரையக்கூடிய அளவைவிடக் கூடுதலான சர்க்கரை அதில் தங்கும் நிலைக்குக் கொண்டுவருவோம். பிறகு மிக நுண்ணியதாக அரைத்த சர்க்கரையைச் சாராயத்தில் கலந்து, விதையாக உள்ளே விடுவோம். அந்த ஒவ்வொரு துகளும் பாகிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டு, தன் முகங்களின் கோணம் மாறாமல் வளர்கிறது. பாகு அளவு மீறிக் கெட்டியாகிவிட்டால், நாங்கள் விதையிடாத புதிய நுண்படிகங்களும் தாமாகவே தோன்றிவிடும். எனவே வளர்ச்சியும் பெருக்கமும் படிகத்துக்கும் உண்டு.

ஆனால் படிகம் எந்தத் திசையில் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாகில் தேவைக்கு மேல் இருந்த சர்க்கரை வெளியேறி, பாகும் படிகமும் ஒன்றோடொன்று சமநிலைக்கு வரும்வரை படிகம் வளரும். சமநிலை வந்ததும் நின்றுவிடும். அதன்பின் அதை எடுத்து உலர்த்திப் பையில் கட்டி வைத்தால், ஈரம் படாதவரை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தன் வடிவத்தைக் காத்துக்கொள்ள அதற்கு எந்தச் செலவும் இல்லை. சர்க்கரை தந்த கரும்பின் நிலை வேறு. வெட்டிப் போட்ட கரும்பு அடுத்த கணமே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் சுவாசித்துக்கொண்டே இருக்கும். சேர்த்து வைத்த சர்க்கரையை அதன் நொதியே (வேதிவினையை விரைவுபடுத்தும் புரதமே) குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கத் தொடங்கும். கணுவிலுள்ள பருவோடு கரணையாக நறுக்கி மண்ணில் புதைத்தால் முளைக்கவும் செய்யும். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு அதன் உயிரும் ஒரு காரணம்.

படிகம் ஓய்வை நோக்கி வளர்கிறது. உயிரணு ஓய்வுக்கு எதிராக வளர்கிறது. நான் கண்டவரையில் வேறுபாடு இதுதான்.

லெனேசியா பெரியவர் எழுதியது:

பிள்ளைகள் அறிவியல் பேசுவது மகிழ்ச்சியளிக்கிறது. நம் முன்னோர் இதைச் சிந்திக்காதவர்கள் அல்லர். தொல்காப்பியத்தின் மரபியல், தொடுவுணர்வு மட்டும் உடைய புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வைத்து, நந்து (நத்தை), எறும்பு, நண்டு, விலங்கு என்று படிப்படியாக ஏறி, மனத்தையும் உடைய மக்களை ஆறறிவுயிர் என்கிறது. புல்லுக்கும் உயிர் உண்டு, அதற்கும் உணர்வு உண்டு என்பதை அது தயங்காமல் சொன்னது.

சைவ சித்தாந்தமும் உயிர் வேறு, உடல் வேறு என்றே கற்பிக்கிறது. நீங்கள் உடலுக்குள் நடக்கும் வேலைகளைச் சொல்கிறீர்கள். அந்த வேலைகளை நடத்துவது எது என்பது என் கேள்வி. உடல் இறந்த கணத்தில் பொருள்களெல்லாம் அங்கேயே இருக்க, ஏதோ ஒன்று போய்விட்டது என்று நாம் எல்லோரும் உணர்கிறோமே?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

ஐயா, தங்கள் கேள்வியை மதித்தே விடையளிக்கிறேன். மரபியலின் அந்த வரிசை உயிர்களுக்குள் படிநிலைகளைச் சொல்கிறது. நாம் தேடுவது அதற்குக் கீழே, புல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள கோடு.

உடலை நடத்தும் தனி விசை ஒன்று இருந்தால், அது ஆற்றல் கணக்கில் எங்கேனும் தென்பட வேண்டும் என்று எண்ணி அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1780-களின் தொடக்கத்தில் லவாய்சியேயும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகியது, அது எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டது என்று அளந்தார்கள்; பிறகு கரி எரியும்போது வரும் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். சுவாசம் மெதுவாக நடக்கும் ஓர் எரிதல் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1890-களில், மாக்ஸ் ருப்னர் ஒரு நாய்க்குக் கொடுத்த உணவின் ஆற்றலையும் அதன் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் பல நாள்கள் அளந்து, இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போவதைக் காட்டினார். கூடுதலாக ஏதோ ஒன்று ஆற்றலைத் தந்ததாகவோ எடுத்ததாகவோ கணக்கில் தெரியவில்லை. இதனால் சித்தாந்தத்தின் உயிர்க் கொள்கை பொய்யாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது எடைபோடவோ வெப்பமானியால் அளக்கவோ கூடிய பொருளைப் பற்றிப் பேசவில்லை. அளக்கக்கூடியவற்றுக்குள் வேறுபாடு என்ன என்பதே இங்கு நம் கேள்வி.

இறந்த கணத்தில் எது போய்விடுகிறது என்று கேட்டீர்கள். அளக்கக்கூடிய ஒன்று உண்மையிலேயே போய்விடுகிறது. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாவின் உட்படலம் ஒரு மில்லிமீட்டரின் இருநூறாயிரத்தில் ஒரு பங்கு தடிமனே உடையது. அதன் ஒரு பக்கத்துக்கு ஹைட்ரஜன் அயனிகள் இடையறாது தள்ளப்படுவதால், இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 0.15 வோல்ட் மின்னழுத்தம் நிலவுகிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். படலத்தின் தடிமனால் வகுத்தால் மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் ஆகிறது. அயனிகள் திரும்பிப் பாயும் வழியில்தான் ஏ.டி.பி. ஆக்கப்படுகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் இதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் நின்றுபோனால் அயனிகளைத் தள்ளும் வேலை நிற்கிறது, ஏ.டி.பி. தீர்கிறது, படலத்தின் இரு பக்கங்களும் சமமாகின்றன. உள்ளே புகக் கூடாத கால்சியம் புகுந்து, நொதிகள் தம் உயிரணுவையே அறுக்கத் தொடங்குகின்றன. அணுக்கள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கிடையே காக்கப்பட்டு வந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுகிறது.

மரிட்ஸ்பர்க் தந்தை எழுதியது:

அம்மா, இது மிகவும் தெளிவாக இருந்தது. ஆனால் மகள் தீயை விடவில்லை. தீயும் சமநிலைக்கு வெளியே நிற்கிறது, அதிலும் பொருள் ஓயாமல் உள்ளே புகுந்து வெளியேறுகிறது, ஆனாலும் சுவாலையின் வடிவம் நிலைக்கிறது என்கிறாள். இதுவரை சொன்ன இலக்கணம் முழுவதும் சுவாலைக்கும் பொருந்துகிறதே?

ஆலைக்கூடம் எழுதியது:

தங்கையின் கேள்விக்கு ஆலையிலிருந்தே ஒரு விடை இருக்கிறது.

தீக்குச்சியால் மூட்டிய தீயும் மின்னல் விழுந்து பிடித்த தீயும் ஒரே காய்ந்த தோகையில் ஒரே மாதிரியாகத்தான் எரியும். அந்தத் தீ எதிலிருந்து பிறந்தது என்பதன் சுவடு அதற்குள் எதுவும் இல்லை. இப்போது ஒரே கரும்புச் சாற்றை இரண்டு கலங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஈஸ்ட் போட்டால் சாராயமும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கின்றன. மற்றொன்றில் லியூகனாஸ்டாக் என்ற பாக்டீரியா புகுந்தால், சர்க்கரையிலுள்ள குளுக்கோஸைச் சங்கிலியாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற வழவழப்பான பசையை உண்டாக்குகிறது. வெட்டி நாளான கரும்பில் எங்களை வதைப்பது இந்தப் பசைதான். பாகு ஓடாது, வடிகட்ட முடியாது, படிகங்கள்கூட ஒரு பக்கமாக நீண்டு ஊசிபோல் ஆகிவிடும். உணவும் வெப்பமும் ஒன்றாகவே இருந்தும் விளைவு வேறாகிறது. சாற்றில் இல்லாத ஏதோ ஒன்று, தாயிலிருந்து சேய்க்கு வந்த ஒன்று, வேலையின் போக்கைத் தீர்மானிக்கிறது. அது அவற்றின் டி.என்.ஏ.யில் எழுதப்பட்டிருக்கும் மரபுச் செய்தி. சுவாலைக்கு அப்படி ஒரு செய்தி இல்லை. காற்றும் எரிபொருளும் என்ன சொல்கின்றனவோ அதுவே சுவாலை.

மேலும், தீ தன் வேகத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வதில்லை. ஈஸ்ட் அப்படியன்று, ஏ.டி.பி. தேவைக்கு மேல் சேர்ந்தால், சர்க்கரையை உடைக்கும் நொதிகளில் ஒன்றை அந்த ஏ.டி.பி.யே தடுத்து வேகத்தைக் குறைக்கிறது.

சுரங்கநீர் எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். நான் ஜோகன்னஸ்பர்க்கில் நிலத்தடி நீர் வேதியியல் துறையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நம் நாட்டின் பாறைகளுக்குள்ளேயே இரண்டு அரிய சான்றுகள் இருப்பதால் அவற்றை விரிவாக எழுத விரும்புகிறேன்.

முதலாவது, கார்லட்டன்வில் அருகிலுள்ள எம்பொனெங் தங்கச் சுரங்கம். நிலத்துக்குக் கீழே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில், பாறைப் பிளவிலிருந்து வடிந்த ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. டெசல்ஃபோருடிஸ் அவுடாக்ஸ்வியேட்டர் என்று பெயரிடப்பட்ட அதன் மரபுத்தொகுதி, அதாவது மரபுச் செய்தி முழுவதும், 2008-இல் வெளியிடப்பட்டது. அந்த நீரிலிருந்த உயிர்களில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் இது ஒன்றே. அங்கே சூரிய ஒளி இல்லை, ஆக்சிஜன் இல்லை, மேலிருந்து விழும் இலைதழை எதுவும் இல்லை. பாறையிலுள்ள யுரேனியத்தின் கதிர்வீச்சு நீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அப்போது பிறக்கும் ஹைட்ரஜனைச் சல்பேட்டோடு வினைப்படுத்தி, கிடைக்கும் சிறிதளவு ஆற்றலில் இந்த பாக்டீரியா வாழ்கிறது. கார்பனையும் நைட்ரஜனையும் தானே சேர்மங்களாக்கி, தனக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அத்தனையையும் தானே செய்துகொள்ளும் மரபணுக்கள் அதனிடம் உள்ளன. அவற்றின் மொத்த எண்ணிக்கை ஈராயிரத்துக்குச் சற்று மேல்.

சூழ்ந்திருக்கும் பாறையும் அதே கதிர்வீச்சை, அதே ஹைட்ரஜனை, அதே சல்பேட்டைப் பெறுகிறது. பாறை அவற்றால் மாறுகிறது. பாக்டீரியாவோ அவற்றைக் கொண்டு மாறாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் சைபீரியாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஆழத்தில் எடுத்த இதே இனத்தின் மரபுத்தொகுதிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பிரிந்திருந்தும், ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதாக 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. உயிர் என்றாலே மாறிக்கொண்டிருக்க வேண்டும் என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். பரிணமிக்கும் திறன் உயிருக்கு உண்டு என்பது சரி. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகள் அத்திறன் ஏறக்குறைய பயன்படாமலே கிடந்தாலும் உயிர் உயிராகவே இருக்கிறது.

இரண்டாவது, எம்புமலாங்காவிலுள்ள பார்பர்ட்டன் மகோன்ஜ்வா மலைகள். 2018-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இந்த மலைகளின் பாறைகளில் பழையவை 360 கோடி ஆண்டுப் பழமை உடையவை. அங்குள்ள மூடிஸ் பாறைத் தொகுதியில், 322 கோடி ஆண்டுகளுக்கு முன் அலையடித்த கரையில் படிந்த மணலுக்குள், நுண்ணுயிர்கள் பாய்போல் பரந்து வாழ்ந்த தடங்கள் இருக்கின்றன. அந்தத் தடம் உயிருடையதா, வெறும் கனிமப் படிவா என்று தீர்மானிக்க வேண்டி வரும்போது, நாம் இங்கே பேசுகிற கேள்வி நடைமுறைக் கேள்வியாகிவிடுகிறது.

வடிவத்தை மட்டும் நம்ப முடியாது. வெறும் கனிமங்களும் இழைபோலவும் குமிழ்போலவும் வளரும். எனவே கார்பனைப் பார்க்கிறோம். இயற்கையில் கார்பன் 12-உடன் சற்றே கனமான கார்பன் 13-உம் சிறிதளவு கலந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உடலாக்கும் நொதி எடை குறைந்த கார்பனோடு சற்று வேகமாக வினைபுரிவதால், உயிர் ஆக்கிய பொருளில் கார்பன் 13 குறைந்து காணப்படும். ஆலைக்கூடம் அன்பருக்குத் தெரிந்திருக்கும்: கரும்பு வேறொரு நொதியால் முதலில் கார்பனைப் பிடிப்பதால், கரும்புச் சர்க்கரையின் கார்பனும் பீட்கிழங்குச் சர்க்கரையின் கார்பனும் இந்த அளவில் வேறுபடும். ஒரே சேர்மம்தான், சுவையிலும் வேறுபாடில்லை, ஆனால் ஆக்கிய உயிரின் கைத்தடம் அணுக்களில் தங்கிவிடுகிறது. பார்பர்ட்டன் பாறைகளின் கரிப்பொருளிலும் இப்படிப்பட்ட குறைவு உண்டு. அதுவும் தனித்து நின்றால் முடிவான சான்றாகாது, ஏனெனில் உயிரில்லாத சில வினைகளும் எடை குறைந்த கார்பனைத் தரக்கூடும். மணல் துகள்களைப் பாய் பற்றிப் பிடித்திருந்த விதம், அலையால் கிழிந்து சுருண்ட விளிம்பு, கரிப்பொருளின் அளவு ஆகியவை எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் உயிர் என்று எழுதத் துணிகிறோம்.

அமினோ அமிலங்களிலும் ஒரு தடம் உண்டு. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இடக்கையும் வலக்கையும் போல இரு வடிவங்களில் அமையும். ஆய்வகத்தில் செய்தால் இரண்டும் சமமாகக் கிடைக்கும். உயிர்களின் புரதங்களில் இடவடிவம் மட்டுமே இருக்கும். உயிர் நீங்கியபின் அவை மெல்ல மெல்லச் சமமான கலவையாகத் திரும்புகின்றன. நம் நாட்டுத் தொல்லியல் களங்களில் கிடைக்கும் நெருப்புக்கோழி முட்டையோடுகளின் காலத்தைக் கணிக்க இந்த மாற்றத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு கலைந்து சமமாகிறது என்று ஆசிரியை அம்மா சொன்னது இங்கே ஆயிரக்கணக்கான ஆண்டு அளவில் நடக்கிறது.

கேப் தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை வந்த விடைகள் எல்லாம் உயிர் என்பது ஓயாத ஓட்டம் என்ற கருத்தில் நிற்கின்றன. அந்தக் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஓட்டம் நின்றும் இறக்காதவை இருக்கின்றன.

1803-இல் யான் டேர்லிங்க் என்ற டச்சு வணிகர் கேப் பகுதியில் சேகரித்த விதைகள், அவர் வந்த கப்பல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதால், ஒரு குறிப்பேட்டுக்குள் இங்கிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றைக் கண்டெடுத்து, கியூ தாவரவியல் தோட்டத்தின் விதை வங்கியில் முளைக்க வைத்துப் பார்த்தார்கள். 32 வகைகளில் மூன்று முளைத்தன; நம் மலைச்சரிவுகளில் பூக்கும் லூக்கோஸ்பெர்மம் அவற்றில் ஒன்று. அந்த விதைகள் கிடந்த காலமெல்லாம் அவற்றுக்குள் அளக்கத்தக்க வேலை எதுவும் நடந்திருக்க முடியாது. அப்படி நடந்திருந்தால் சேமித்த உணவு என்றோ தீர்ந்திருக்கும்.

விதையை விட்டுவிட்டு முழுச் செடியையே பாருங்கள். நாட்டின் வடக்கே பாறை வெடிப்புகளில் வளரும் மைரோதாம்னஸ் என்ற குறுஞ்செடி, மழையில்லாத காலத்தில் தன் நீரில் பெரும்பகுதியை இழந்து, இலை சுருங்கிப் பழுப்பேறி, கையால் நசுக்கினால் பொடியாகும் நிலைக்கு வந்துவிடும். மழை பெய்தால் ஒரு நாளைக்குள் அதே இலைகள் விரிந்து பசுமையாகும். சீரோஃபைட்டா என்ற மற்றொரு செடி காயும்போது பச்சையத்தையே கலைத்துவிட்டு, நீர் வந்ததும் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஜில் ஃபாரன்ட் இத்தகைய செடிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்.

இவை காயும்போது சர்க்கரையைத்தான் சேர்க்கின்றன. ஆனால் அது ஆலைக்கூடம் அன்பர் சொன்னதுபோல் படிகமாவதில்லை. படிகமானால் அதன் கூர்முனைகளே உயிரணுவைக் குலைத்துவிடும். வேறு சர்க்கரைகளும் புரதங்களும் உடன் கலந்திருப்பதால் அது கண்ணாடிபோல் ஒழுங்கில்லாத திண்மமாக உறைந்து, படலங்களையும் புரதங்களையும் இருந்த இடத்தில் இருந்தபடியே பிடித்துக்கொள்கிறது. ஏற்றத்தாழ்வும் இல்லை, மின்னழுத்தமும் இல்லை, சுவாசமும் இல்லை. அவை இறந்தவையா?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

இந்த இழையில் எழுப்பப்பட்டவற்றுள் மிகவும் கூர்மையான மறுப்பு இது. ஓட்டம் மட்டும் உயிர் என்றால் காய்ந்த மைரோதாம்னஸ் இறந்தது. நனைந்ததும் உயிர் வெறுமையிலிருந்து பிறந்தது என்றாகிவிடும். அது பொருந்தாது. ஆகவே இரண்டை வேறுபடுத்த வேண்டும் என்று கருதுகிறேன். ஒன்று, நடந்துகொண்டிருக்கும் வேலை. மற்றொன்று, அந்த வேலையை மீண்டும் தொடங்கப் போதுமான அமைப்பு. காய்ந்த செடியிடம் முதலாவது இல்லை, இரண்டாவது முழுமையாக இருக்கிறது. அவித்த விதையிடம் இரண்டுமே இல்லை. அதன் எடையும் சேர்மங்களும் பெரும்பாலும் அப்படியே இருந்தாலும், புரதங்களின் மடிப்பு கலைந்து, படலங்கள் கிழிந்துவிட்டன. நீர் ஊற்றினால் அது அழுகும்.

இப்படிப் பார்த்தால் உயிருள்ள பொருள் என்பது தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் அமைப்பைத் தனக்குள் கொண்ட பொருள். அந்த அமைப்பு ஆற்றல் கிடைக்கும்போது இயங்கும். கிடைக்காதபோது சிலவற்றில் உறங்கிக் காத்திருக்கும், பெரும்பாலானவற்றில் காத்திருக்க முடியாமல் கலைந்துவிடும். அத்துடன் அந்த அமைப்பு வேறோர் உயிரிலிருந்து வந்ததாகவே இதுவரை காணப்பட்டிருக்கிறது. சர்க்கரைப் படிகத்தை விதையில்லாமலும் பெறலாம் என்று ஆலையிலிருந்து எழுதியிருந்தார்கள். உயிரணுவை அப்படிப் பெற்றவர் எவரும் இல்லை. 2016-இல் கிரெய்க் வென்டரின் குழுவினர் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு மரபுத்தொகுதியை வேதிமுறையில் கட்டி உயிர்பெறச் செய்தபோதுகூட, அதை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள் வைக்க வேண்டியிருந்தது. அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பதே அப்போது தெரியவில்லை.

கோவேறு கழுதையும் இந்த இலக்கணத்துக்குள் சிக்கலின்றி அடங்குகிறது: அது குட்டி போடாவிட்டாலும், அதன் உயிரணுக்கள் ஒவ்வொரு நாளும் தம்மை ஆக்கிக்கொள்கின்றன.

மரிட்ஸ்பர்க் தந்தை எழுதியது:

மகளின் கடைசிக் கேள்வி வைரஸ் பற்றியது. அதனிடம் மரபுச் செய்தி இருக்கிறது; மற்றவை இல்லை. அதை எந்தப் பக்கம் வைப்பது?

ஆலைக்கூடம் எழுதியது:

நம் மக்காச்சோளத்தை வாட்டும் கீற்று நோயின் வைரஸையே எடுத்துக்கொள்ளலாம். அதன் முழு மரபுச் செய்தியும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். நான்கு புரதங்களுக்கான குறிப்புதான் அதில் உண்டு. ஒரு தத்துப்பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சும்போது அதைச் செடிக்குள் விடுகிறது. அதன்பின் நடக்கும் வேலை ஏறத்தாழ எல்லாமே செடியின் நொதிகளாலும் செடியின் ஆற்றலாலும் நடக்கிறது. செடிக்கு வெளியே அது சுவாசிப்பதில்லை, தன்னைப் பழுதுபார்ப்பதில்லை, எதையும் ஆக்குவதில்லை. புகையிலை மொசைக் வைரஸை 1935-இல் வெண்டல் ஸ்டான்லி படிகமாகவே பிரித்தெடுத்தார்; அந்தப் படிகம் நோயுண்டாக்கும் திறனை இழக்கவில்லை.

காய்ந்த செடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காய்ந்த செடிக்கு நீரும் ஒளியும் காற்றும் கொடுத்தால் போதும், எஞ்சியதை அதன் சொந்த அமைப்பே செய்துகொள்ளும். வைரஸுக்கு எவ்வளவு நீரும் உணவும் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. அதற்கு வேறோர் உயிரின் அமைப்பு முழுவதும் வேண்டும். எனவே அதை உயிருள்ள பொருள் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அது பரிணமிக்கிறது, பெருகுகிறது, உயிர்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே உயிரியலிலிருந்து அதை வெளியே தள்ளவும் முடியாது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

இதை நானும் ஏற்கிறேன். மகள் சமையலறையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லி என் பங்கை முடித்துக்கொள்கிறேன்.

கடையில் விற்கும் உலர்ந்த ஈஸ்ட்டை ஒரே அளவில் மூன்று பங்காக எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பங்கைத் தொடாமல் உலர்ந்தபடியே வைக்க வேண்டும். மற்றொன்றைச் சிறிது நீரில் கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். மூன்றாவதைக் கைபொறுக்கும் சூடுள்ள நீரில் ஊறவைக்க வேண்டும். குளிர்ந்த நீர் கூடாது, ஏனெனில் உலர்ந்த படலம் குளிரில் நனைந்தால் சரியாக மூடிக்கொள்வதற்குள் உள்ளிருப்பவை கசிந்து பல உயிரணுக்கள் இறந்துவிடும். கொதித்ததிலும் ஊறியதிலும் சம அளவு சர்க்கரையைச் சேர்த்து, புட்டிகளின் வாயில் பலூனை மாட்டி வைத்தால், ஊறியது மட்டும் பலூனை நிரப்பும். கொதித்ததில் அணுக்கள் ஒன்றும் குறையவில்லை. பிறகு, உலர்ந்தபடியே வைத்த பங்கைச் சில வாரம் கழித்து ஊறவைத்தால் அதுவும் பலூனை நிரப்பும். ஓட்டம், அமைப்பு, அமைப்பின் அழிவு ஆகிய மூன்றும் இதில் தனித்தனியே தெரியும்.

அவள் இன்னொரு கேள்வி கேட்கக்கூடும்: நுரைத்து வாயுவை வெளியிடுவதுதான் உயிரா? 1897-இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, முழு உயிரணு ஒன்றுகூட இல்லாத சாற்றை எடுத்து, அதுவும் சர்க்கரையைச் சாராயமாக்குவதைக் கண்டார். அதற்காக 1907-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சாறு சில நாள்களில் ஓய்ந்துவிடும், ஏனெனில் சிதைந்துபோகும் நொதிகளைப் புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. ஈஸ்ட் உயிரணுவோ சர்க்கரை இருக்கும்வரை அந்த நொதிகளையும் செய்துகொள்ளும், அவற்றைச் செய்யும் கருவிகளையும் செய்துகொள்ளும். பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால், மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஒரு துளி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உயிருள்ள ஈஸ்ட் உள்ளே புகும் சாயத்தை நிறமற்றதாக்கிவிடும். இறந்தவை நீலமாகவே நிற்கும். ஊறவைத்தது, கொதிக்கவைத்தது இரண்டிலும் ஒவ்வொரு துளி எடுத்து, நீலமாகத் தெரிபவற்றை அவளே எண்ணி ஒப்பிடட்டும்.